மேஜர் காம்ப்டன்-ஸ்மித் (கார்க், 1921): பணயக் கைதியின் கடைசிக் கடிதங்களை எப்படிப் படிப்பது?

வரலாற்றுத்தூசி

அயர்லாந்து விடுதலைப் போர் பற்றி இங்கே மைக்கேல் காலின்ஸ், மெக்ஸ்வீனியின் 74 நாள் உண்ணாவிரதம் என்று நிறையப் பேசியாகிவிட்டது. எல்லாம் அயர்லாந்து பக்கத்து ஆட்கள். இந்த முறை எதிர்ப்பக்கத்து பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரைப் பற்றி.

ஜெஃப்ரி லீ காம்ப்டன்-ஸ்மித். ராயல் வெல்ஷ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவில் மேஜர். முதல் உலகப் போரில் சண்டையிட்டு டி.எஸ்.ஓ. என்ற ராணுவ விருது வாங்கியவர். முப்பதைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை. மனைவியும் சின்னப் பெண் குழந்தையும் உண்டு. தெற்கு அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தின் வடக்கே, பட்டவன்ட் ஊருக்குப் பக்கத்தில் இருந்த பாலிவோனேர் முகாம் அவர் பொறுப்பில் இருந்தது. 1921 ஏப்ரல் 16 அன்று பிளார்னியில் ஐ.ஆர்.ஏ.விடம் (அயர்லாந்து விடுதலைக்காகப் போராடிய ஐரிஷ் குடியரசுப் படை) பிடிபட்டார். டனாமோர் பக்கம் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அந்தப் பகுதி ஐ.ஆர்.ஏ. தளபதி ஜாக்கி ஓ'லியரி.

அவரைப் பிடித்த காரணம் வெளிப்படையானது. கார்க் நகரில் நான்கு ஐ.ஆர்.ஏ. கைதிகளுக்கு ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்திருந்தது. பேட்ரிக் ரொனேன், தாமஸ் மல்காஹி இருவரும் பிப்ரவரி 15 மோர்ன்அபி தாக்குதலில் பிடிபட்டவர்கள். மோரிஸ் மூர், பேட்ரிக் ஓ'சல்லிவன் இருவரும் பிப்ரவரி 20 குளோன்மல்ட் சண்டையில் சிக்கியவர்கள். இவர்களைச் சுட்டால் மேஜரையும் சுடுவோம் என்பதுதான் கணக்கு. ஏப்ரல் 28 அன்று நால்வரும் சுடப்பட்டார்கள். அதன் பிறகு மேஜரும்.

சாவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர் எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன. மனைவிக்கு எழுதியதில், உன் பெயரை உதட்டிலும் உன் முகத்தைக் கண் முன்னாலும் வைத்துக்கொண்டு ஓர் ஆங்கிலேயனாக, ஒரு சிப்பாயாகச் சாவேன் என்கிறார். கைக்கடிகாரத்தைத் தன்னைச் சுடப்போகும் அதிகாரிக்கே கொடுக்கச் சொல்கிறார். அவர் கண்ணியமானவர், தன் கடமை என்று உண்மையாக நம்புவதைச் செய்கிறார், அவர்மீது எனக்குப் பகை இல்லை என்று காரணமும் எழுதுகிறார். படைப்பிரிவுத் தோழர்களுக்கு எழுதியதில், என் சாவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவிலுள்ள கசப்பைக் கூட்டாமல் குறைக்க வேண்டும் என்கிறார். இந்தச் சின் ஃபெயின்காரர்களை (ஐரிஷ் விடுதலை இயக்கத்தவரை)க் கொலைகாரக் கும்பலாக அல்ல, வழிதவறிய லட்சியவாதிகளாகவே பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்றும் சொல்கிறார்.

இந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு அவருடைய சாவை ஓர் அழகான கதையாக்கிவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். உங்கள் கருத்து என்ன?

மதுரைக்காரன்

படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. கடிகாரத்தைச் சுடுகிறவனுக்கே கொடு என்று சொல்ல எப்படிப்பட்ட மனசு வேண்டும்!

கறுப்புப்பேனா

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். அந்தக் கடிதங்களை எழுதியபோது அவர் யார் கையில் இருந்தார்? எழுதியதை யார் முதலில் படித்தார்கள்? கைதியைப் பிடித்து வைத்திருப்பவர்களிடமே கொடுத்தனுப்பும் கடிதத்தில் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை இருப்பதில் ஆச்சரியம் என்ன? ‘என்னை மிகவும் அன்பாக நடத்தினார்கள்’ என்று எழுதினால்தான் கடிதம் மனைவி கைக்குப் போய்ச் சேரும். இது ஒரு கைதியின் சாமர்த்தியமாகவும் இருக்கலாம்.

செல்வி_ந

கறுப்புப்பேனா சொல்வது நியாயமான சந்தேகம். ஆனால் கடிதத்தையே பாருங்கள். எதிரியைத் திருப்திப்படுத்த எழுதுகிறவர் ‘ஆங்கிலேயனாகச் சாவேன்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘வழிதவறிய’ என்ற சொல்லையும் தவிர்த்திருப்பார். உங்கள் லட்சியம் தப்பு என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்கிறார். இந்தத் தண்டனை ஒரு வாரத்துக்கு மேல் என் தலைக்கு மேல் தொங்கியது என்றும் தோழர்களுக்கு எழுதுகிறார். அந்த வரி பிடித்து வைத்தவர்களுக்கு ஒன்றும் பெருமை சேர்க்காது.

சுட்ட தரப்பிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. டனாமோரைச் சேர்ந்த மோரிஸ் புரூ என்ற ஐ.ஆர்.ஏ. ஆள் பிற்காலத்தில் கொடுத்த வாக்குமூலம். மேஜர் சிகரெட் பெட்டியை மார்புப் பையில் வைத்துக்கொண்டு, அதைத் தன் படைப்பிரிவுக்கு அனுப்பச் சொன்னாராம். பிறகு ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து, இதை நான் கீழே போடும்போது சுடுங்கள் என்றாராம். போர் முழுக்க என்னோடு இருந்த இந்தப் பெட்டி சாகும்போதும் என் பையில் இருக்கும் என்று கடிதத்திலும் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒத்துப்போகின்றன.

கறுப்புப்பேனா

அந்த வாக்குமூலங்கள் அயர்லாந்து அரசு 1947இலிருந்து 1957 வரை சேகரித்தவை. சம்பவம் நடந்து குறைந்தது கால் நூற்றாண்டு. நடுவில் கடிதம் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. நினைவு கடிதத்தைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளாதா? சிகரெட் விஷயம் பொய் என்று நான் சொல்லவில்லை. சுட்டவர்கள் தரப்பும் அவரை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளவே விரும்பியது, அவ்வளவுதான். தைரியமான, பகையில்லாத எதிரியைக் கொன்றோம் என்பது தாங்கிக்கொள்ளக்கூடிய நினைவு. அழுது கெஞ்சியவரைக் கொன்றோம் என்பது அப்படி இல்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

நான் ராணுவத்தில் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். கடிதம் உண்மையா இல்லையா என்பதைவிட, அந்தப் பேரம் ஏன் படியவே முடியாதது என்று பார்க்க வேண்டும்.

1920 டிசம்பர் 10 அன்று கார்க், கெர்ரி, லிமெரிக், டிப்பெரேரி நான்கிலும் ராணுவச் சட்டம். ஆயுதத்தோடு பிடிபட்டாலே மரண தண்டனை. ஐ.ஆர்.ஏ. ஆட்கள் சிப்பாய்கள் அல்ல, குற்றவாளிகள் என்பது பிரிட்டிஷ் நிலை. இப்போது ஒரு மேஜருக்குப் பதிலாக நான்கு பேரை விட்டால் என்ன அர்த்தம்? எதிரே இருப்பது ஒரு படை, அதோடு கைதி மாற்றிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்வது. கார்க் பகுதியின் ராணுவ ஆளுநர் ஜெனரல் ஸ்ட்ரிக்லண்ட் அதைச் செய்ய மாட்டார். செய்ய நினைத்தாலும் டப்ளினில் இருந்த பிரிட்டிஷ் தலைமைத் தளபதி மெக்ரெடியும் லண்டனும் விடமாட்டார்கள். ஐ.ஆர்.ஏ.வுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

வரலாற்றுத்தூசி

ஹவில்தார் ஐயா சொன்னது தெரிந்தே இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. இரண்டே மாதம் முன்னால் அதே பகுதியில், அதே ஓ'லியரியின் ஆட்கள், அதே பேரத்தை முயன்று பார்த்துத் தோற்றிருந்தார்கள்.

1921 ஜனவரி 28, டிரிப்ஸி. பதுங்கித் தாக்க ஐ.ஆர்.ஏ. காத்திருக்கும் செய்தி கோச்ஃபோர்டில் வசித்த திருமதி மேரி லிண்ட்ஸே மூலம் ராணுவத்துக்குப் போனது. பலர் பிடிபட்டார்கள். பிப்ரவரியில் அந்த அம்மாவையும் அவருடைய கார் ஓட்டுநர் ஜேம்ஸ் கிளார்க்கையும் கடத்தினார்கள். எங்கள் ஆட்களைச் சுட்டால் இவர்களைச் சுடுவோம் என்று ஸ்ட்ரிக்லண்டுக்குச் செய்தி போனது. பிப்ரவரி 28 அன்று கார்க்கில் ஆறு பேரைச் சுட்டார்கள், ஐந்து பேர் டிரிப்ஸியில் பிடிபட்டவர்கள். அன்று மாலையே கார்க் தெருக்களில் நிராயுதபாணியாகத் திரிந்த ஆறு சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மார்ச்சில் லிண்ட்ஸேயும் கிளார்க்கும். அவர்கள் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆகவே ஏப்ரலில் மேஜரைப் பிடித்தபோது ‘மிரட்டினால் விட்டுவிடுவார்கள்’ என்று யாரும் உண்மையில் நம்பியிருக்க முடியாது. பேரம் என்பது பெயருக்குத்தான். நால்வரின் கணக்கில் முன்கூட்டியே எழுதிவைத்த ஐந்தாவது உடல் அவர். இதைத்தான் அந்தக் கண்ணியமான கடிதம் மறைத்துவிடுகிறது என்கிறேன்.

செல்வி_ந

லிண்ட்ஸே விஷயத்தைக் கொண்டுவந்தது நல்லது. அறுபது வயதை ஒட்டிய அம்மா, சம்பளத்துக்கு வண்டி ஓட்டியவர். இவர்களுக்குக் கடிகாரமும் இல்லை, சிகரெட் பெட்டியும் இல்லை, நாலு பேர் மேற்கோள் காட்டும் கடிதமும் இல்லை. கிளார்க்கின் பெயரே பல கட்டுரைகளில் ‘ஓட்டுநர்’ என்று மட்டும் வருகிறது. அதிகாரி என்றால் இரண்டு பக்கமும் மரியாதை. வேலைக்காரன் செத்தால் ஒரு வரி.

சுடப்பட்ட நால்வரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். மேஜரின் கடைசி மணி நேரம் நமக்கு வரி வரியாகத் தெரிகிறது. மல்காஹியின் கடைசி மணி நேரத்தை இங்கே எத்தனை பேர் சொல்வீர்கள்?

பினாங்கு பரமு

அண்ணே, இடையில் ஒரு விஷயம். இதே கார்க்கில், பாண்டன் ஊரில், எஸ்ஸெக்ஸ் படைப்பிரிவின் உளவுப் பிரிவில் இருந்தவர் ஆர்தர் பெர்சிவல். கைதிகளைச் சித்திரவதை செய்தார் என்று ஐ.ஆர்.ஏ. தரப்பு கடைசிவரை அவரைத் திட்டியது. அதே பெர்சிவல்தான் 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரை ஜப்பான்காரனிடம் ஒப்படைத்தவர். எங்கள் பாட்டன்மார் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் போன கதை அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. அவரை இங்கே எல்லோருக்கும் சிங்கப்பூர் ஜெனரலாகத் தெரியும், கார்க் ஆளாக யாருக்கும் தெரியாது.

மதுரைக்காரன்

மான்ட்கோமரியும் அப்போது கார்க்கில்தானே இருந்தார்? 17ஆவது பிரிகேடில்.

மட்டுறுத்துநர்

ஆமாம், பிரிகேட் மேஜராக இருந்தார். ஆனால் பெர்சிவல், மான்ட்கோமரி எல்லாம் தனி இழையில் வையுங்கள். இங்கே காம்ப்டன்-ஸ்மித் மட்டும்.

மதுரைக்காரன்

சரி சரி. அப்படியானால் நேரடியாகவே கேட்கிறேன். அவர் பிளார்னிக்கு எதற்குப் போனார்? சண்டை நடக்கிற ஊரில், பாதுகாப்பு இல்லாமல், தனியாக?

வரலாற்றுத்தூசி

அவருக்குப் படம் வரைவதில் ஆர்வம் உண்டு. படம் வரையப் போனார் என்பது ஒரு கதை. ஒற்றறியப் போனார் என்பது இன்னொரு கதை. இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏனென்றால் ஒற்றர் என்று அவரைச் சுடவில்லை. பணயக் கைதி என்றுதான் சுட்டார்கள். வேறு எந்த அதிகாரி அன்று அந்த ஊருக்கு வந்திருந்தாலும் முடிவு அதுவே.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

தனியாகப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வருடம் பிரிகேடியர் ஜெனரல் லூகாஸ் கதை தெரியுமா? 1920 ஜூன் 26, ஃபெர்மாய் பக்கத்தில் மீன் பிடிக்கப் போயிருந்தார். கூட இரண்டு கர்னல்கள். ஐ.ஆர்.ஏ. தளபதி லியாம் லிஞ்ச் தலைமையில் வந்து பிடித்துப் போய்விட்டார்கள். ஒரு ஜெனரல்! ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். சீட்டு விளையாடினார்கள், மனைவிக்குக் கடிதம் எழுத விட்டார்கள், அவர்கள் வீட்டில் குழந்தை பிறந்த நேரம் அது. ஜூலை கடைசியில் தப்பித்துப் போனார். தப்பிக்க விட்டார்கள் என்றுதான் பலரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஞாபகத்தில் 1921இலும் அதிகாரிகள் ‘பிடித்தாலும் மரியாதையாக வைத்திருந்து அனுப்பிவிடுவார்கள்’ என்று நினைத்திருக்கலாம்.

செல்வி_ந

ஜெனரலைப் பத்திரமாக வைத்திருந்த அதே அமைப்பு பத்தே மாதத்தில் மேஜரைச் சுடுகிறது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் முக்கியம். 1920 ஜூனில் ராணுவச் சட்டம் இல்லை, ஐ.ஆர்.ஏ. கைதி யாரும் தூக்கிலிடப்படவில்லை. நவம்பர் 1ஆம் தேதி பதினெட்டே வயதான ஐ.ஆர்.ஏ. இளைஞன் கெவின் பாரி டப்ளினில் தூக்கிலிடப்பட்டான். நவம்பர் 21 ரத்த ஞாயிறு, டப்ளினில் இரண்டு தரப்பும் ஒரே நாளில் ஆட்களைக் கொன்று குவித்த நாள். டிசம்பரில் கார்க் நகர நடுவே பிரிட்டிஷ் துணைப்படையே தீ வைத்தது. 1921 ஜனவரி 1 அன்று மிடில்டனில் வீடுகளை இடித்து, ‘அதிகாரப்பூர்வப் பழிவாங்கல்’ என்று அரசே அறிவித்தது. பிப்ரவரியில் குளோன்மல்ட்டில் பன்னிரண்டு பேர் செத்தார்கள், சரணடைந்த பிறகு சுட்டார்கள் என்பது ஐ.ஆர்.ஏ.வின் குற்றச்சாட்டு. லூகாஸோடு சீட்டாடிய மனநிலை இதற்கெல்லாம் பிறகு எங்கே மிஞ்சும்?

கறுப்புப்பேனா

இது விளக்கம்தான், நியாயம் இல்லை. அதிகார வர்க்கம் செய்ததற்குத் தனிமனிதனைப் பிடித்துச் சுடுவது கொலை. காம்ப்டன்-ஸ்மித் அந்த நால்வருக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

செல்வி_ந

நானும் நியாயம் என்று சொல்லவில்லையே. ஆனால் கொலை என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த நால்வரை விசாரித்தது ராணுவ நீதிமன்றம், ஜூரி கிடையாது.

ஓய்வுபெற்ற ஹவில்தார்

அந்த நீதிமன்றங்கள் பற்றி ஒரு வேடிக்கை இருக்கிறது. பிப்ரவரி 28 அன்று சுடப்பட்ட ஆறாவது ஆள் டிப்பெரேரியைச் சேர்ந்த ஆலன். துப்பாக்கியோடு பிடிபட்டவர். அவர் சார்பில் டப்ளின் உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நாட்டில் போர் நிலை இருக்கிறது, ஆகவே ராணுவம் செய்வதில் தலையிட மாட்டோம் என்று நீதிபதிகள் கைவிரித்தார்கள். போர் இருக்கிறதாம், ஆனால் எதிரே சண்டை போடுகிறவன் போர்க் கைதி இல்லையாம்! சட்டம் இரண்டு வாயால் பேசியது.

ஜூலையில் ஈகன் என்பவரின் வழக்கு வந்தது. தோட்டா வைத்திருந்ததற்காக மரண தண்டனை. இந்த முறை நீதிபதி சார்ல்ஸ் ஓ'கானர், 1920இல் நாடாளுமன்றம் ஐரிஷ் கலவரத்துக்கென்றே தனிச் சட்டம் போட்டுவிட்டது, அதைத் தாண்டி ராணுவம் தன்னிஷ்டத்துக்கு மரண தண்டனை கொடுக்க முடியாது என்று சொல்லி ஆட்கொணர்வு மனுவை ஏற்றுக்கொண்டார். அதே தர்க்கம் பிப்ரவரியில் நின்றிருந்தால் அந்த ஆறு பேரும் இல்லை, ஏப்ரலில் நால்வரும் இல்லை, மேஜரும் இல்லை.

மதுரைக்காரன்

அடேயப்பா. ஜூலை என்றால் சண்டை நிறுத்தமும் அப்போதுதானே?

ஓய்வுபெற்ற ஹவில்தார்

ஜூலை 11. அதற்கு மூன்று நாள் முன்னால் மெக்ரெடியே டப்ளின் மேயர் மாளிகைக்குப் போய் ஐரிஷ் தலைவர் டி வலேராவோடு உட்கார்ந்து பேசினார். ஏப்ரலில் ‘குற்றவாளிகளோடு பேரம் இல்லை’ என்ற ராணுவம் பத்து வாரத்தில் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. எனக்கு ஆத்திரம் வருவது இந்தப் பத்து வாரத்தை நினைத்துத்தான். கடிகாரம், சிகரெட் எல்லாம் அப்புறம்.

பினாங்கு பரமு

அண்ணே, உடல் என்ன ஆயிற்று? திருப்பிக் கொடுத்தார்களா?

வரலாற்றுத்தூசி

இல்லை. டனாமோர் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் புதைத்துவிட்டார்கள். உடல் வெளியே தெரிந்தால் சுற்றுவட்டார வீடுகளுக்குத் தீ வைப்பார்கள் என்ற பயம் அந்த நாளில் நியாயமானதே. ஐந்து வருடம் அங்கேயே கிடந்தது. 1926இல் கண்டெடுத்து, கார்க் துறைமுக வாயிலில் இருந்த கார்லைல் கோட்டையின் ராணுவ இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். நாடு விடுதலை அடைந்தபிறகும் அந்தத் துறைமுகக் கோட்டைகள் 1938 வரை பிரிட்டிஷார் கையில் இருந்தன. அதனால் அயர்லாந்து மண்ணிலேயே ஒரு பிரிட்டிஷ் ராணுவ இடுகாடு கிடைத்தது.

செல்வி அக்காவின் கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. மல்காஹி உட்பட அந்த நால்வரின் உடலையும் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. ராணுவக் குடியிருப்பில் சுட்டு, கார்க் சிறை வளாகத்தில் புதைத்தார்கள். இன்று அது கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி வளாகத்தில் ஒரு நினைவிடமாக இருக்கிறது. அதாவது உடலைக் கொடுக்காமல் இருப்பதில் இரண்டு தரப்பும் ஒரே மாதிரி. டப்ளினில் கெவின் பாரியின் எலும்பைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவர 2001 ஆகிவிட்டது.

கறுப்புப்பேனா

‘கசப்பைக் குறைக்கட்டும்’ என்ற அவர் ஆசை நிறைவேறியதா? இல்லை. ஜூனில் டிப்பெரேரியில் ஃபெதார்ட் பக்கத்தில் மூன்று இளம் பிரிட்டிஷ் அதிகாரிகளை ஐ.ஆர்.ஏ. தளபதி எர்னி ஓ'மாலியின் ஆட்கள் பிடித்து, மறுநாள் விடியலில் சுட்டார்கள். அவர்களிடம் பேரம்கூடப் பேசவில்லை. பிரிட்டன் கைதிகளைச் சுடுகிறது, ஆகவே நாங்களும் சுடுகிறோம், அவ்வளவுதான். பிறகு உள்நாட்டுப் போரில், 1922 டிசம்பர் 8 அன்று, நாடாளுமன்ற உறுப்பினர் ஷான் ஹேல்ஸ் கொலைக்குப் பழியாக, புதிய ஐரிஷ் அரசே ரோரி ஓ'கானர் உட்பட நான்கு சொந்த நாட்டுக் கைதிகளை விசாரணை இல்லாமல் சுட்டது. ஆள் மாறியது, முறை அப்படியே இருந்தது.

செல்வி_ந

இதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குளோன்மல்ட்டில் மூர், ஓ'சல்லிவனோடு பிடிபட்டு மரண தண்டனை பெற்ற இன்னொருவர் பாடி ஹிக்கின்ஸ். காயம் பலமாக இருந்ததால் அவருடைய தண்டனையைத் தள்ளிவைத்தார்கள். ஆறுவதற்குள் ஜூலை வந்துவிட்டது, பிழைத்துக்கொண்டார். காயம் கொஞ்சம் லேசாக இருந்திருந்தால் ஏப்ரல் 28 பட்டியலில் ஐந்தாவது பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.

மதுரைக்காரன்

எனக்கு இன்னும் அந்தக் கடிகாரம்தான் மனசில் நிற்கிறது, என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வரலாற்றுத்தூசி

திட்டவில்லை மதுரை. அந்த மனிதரின் தைரியத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. கறுப்புப்பேனா அளவுக்குக் கடிதத்தைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை. அவர் மன்னித்தது அவருடைய உரிமை. அதைச் சாக்காக வைத்து ஸ்ட்ரிக்லண்டையும் ஓ'லியரியையும் நாம் மன்னித்துவிட வேண்டியதில்லை.

ஃபெதார்ட் மூவர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். ஓ'மாலி அதற்கு ஆறு மாதம் முன்னால்தான் டப்ளின் கோட்டையில் பிரிட்டிஷாரிடம் அடிவாங்கி, பிப்ரவரியில் கில்மைன்ஹாம் சிறையிலிருந்து தப்பித்தவர். அதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஹவில்தார் ஐயா, ஆலன், ஈகன் வழக்குகளை அங்கே இன்னும் விரிவாக எழுதுங்கள். இங்கே சுருக்கிவிட்டீர்கள்.